மைலேஜ் எவ்வளவு கொடுக்கும்?

உகாண்டாவின் தலைநகர் கம்பாலாவில் வாடகைக்கு ஓடும் மோட்டார் சைக்கிளுக்கு 'போடா போடா' என்று பெயர். நைஜீரியாவில் அதையே 'ஒகாடா' என்கிறார்கள். நீளமான சீட்டு, வாழைத்தாரையோ அரிசி மூட்டையையோ கட்டிக்கொள்ளப் பின்னால் ஓர் இரும்பு கேரியர், ஸ்போக் சக்கரம், டிரம் பிரேக், காற்றிலேயே சூடு தணியும் ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின். ஓட்டுபவருக்குப் பின்னால் இரண்டு பேர், சில நேரம் மூன்று பேர். டேங்கில் எழுதியிருப்பதைப் படித்தால் பல வண்டிகளில் பஜாஜ் பாக்ஸர் என்றோ டி.வி.எஸ். எச்.எல்.எக்ஸ். என்றோ இருக்கும். முன்னது மகாராஷ்டிரத்திலிருந்தும் பின்னது ஓசூரிலிருந்தும் போனவை. நம் ஊர் வண்டியில் பின்சக்கரத்தை ஒட்டி இருக்கும் சாரி கார்டு அங்கே யாருக்கும் தேவையில்லை. மற்றபடி உள்ளே எல்லாம் நமக்குப் பழகியதுதான். திண்டிவனத்தில் மரத்தடியில் கடை போட்டிருக்கும் மெக்கானிக்கிடம் கம்பாலா வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினால், கிளட்ச் பிளேட்டையும் செயின் ஸ்பிராக்கெட்டையும் யோசிக்காமல் மாற்றிக் கொடுத்துவிடுவார். 2024-25 நிதியாண்டில் இந்தியா ஏறத்தாழ 42 லட்சம் இருசக்கர வாகனங்களை வெளிநாடுகளுக்கு அனுப்பியது. அதே ஆண்டில் உள்நாட்டில் விற்றவை ஏறத்தாழ 1 கோடியே 96 லட்சம். இந்த இரண்டு எண்களும் ஒன்றுக்கொன்று சம்பந்தம் இல்லாதவை அல்ல. இரண்டாவது எண் இல்லாமல் முதல் எண் வந்திருக்காது என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

ஏற்றுமதி என்றதும் கூலி மலிவு, துறைமுக வசதி, ரூபாயின் மதிப்பு, அரசு தரும் ஊக்கத்தொகை ஆகியவற்றைப் பற்றித்தான் வழக்கமாகப் பேசுகிறோம். எல்லாமே முக்கியமானவை. ஆனால் அதே கூலியும் அதே துறைமுகமும் அதே ரூபாயும் இருந்தும், மோட்டார் சைக்கிளில் தேறிய இந்தியா கேமராவில் ஏன் தேறவில்லை என்று கேட்டால் இவற்றில் பதில் கிடைக்காது. ஸ்வீடன் நாட்டுப் பொருளியல் அறிஞர் ஸ்டாஃபான் லிண்டர் 1961இல் இதற்கு ஒரு பதில் சொன்னார். ஒரு தொழிலதிபரின் கண்ணில் முதலில் படுவது தன்னைச் சுற்றியுள்ள மக்களின் தேவை. அவர்களுக்காகச் செய்கிறார், அவர்கள் குறை சொல்கிறார்கள், திருத்துகிறார், மறுபடியும் குறை சொல்கிறார்கள். இப்படிப் பலமுறை அடிபட்டுத் தேறிய பொருள்தான் வெளிநாட்டில் விலைபோகும் என்றார் அவர். நம்மைப் போலவே வாழும் மக்கள் உள்ள நாடுகளில்தான் அது அதிகமாக விற்கும் என்பது அவர் வாதத்தின் மறுபாதி. 1980இல் பொருளியல் அறிஞர் பால் குருக்மன் இன்னொரு காரணத்தைச் சேர்த்தார். பெட்ரோல் டேங்கை அழுத்தி எடுக்கும் டை ஒன்றைச் செய்வதற்கு ஆகும் செலவைப் பத்தாயிரம் டேங்குகள் மீது ஏற்றினால் ஒன்றுக்கு ஒரு விலை. பத்து லட்சம் டேங்குகள் மீது ஏற்றினால் அந்தச் செலவு இருப்பதே தெரியாது. எண்ணிக்கை கூடக்கூட அடக்கவிலை இறங்கும் தொழில்களில், வாங்குபவர்கள் அதிகமாக உள்ள நாட்டில் ஆலை வைத்து, மற்ற நாடுகளுக்குக் கப்பலில் அனுப்புவதுதான் கட்டுப்படியாகும். எனவே பெரிய உள்நாட்டுச் சந்தை இருக்கும் நாடு அந்தப் பொருளின் ஏற்றுமதியாளராகவும் மாறுகிறது.

இதைக் கேட்டதும் நியாயமாக எழும் சந்தேகம் ஒன்று உண்டு. காரணம் எது, விளைவு எது? ஒரு நாட்டுக்கு ஒரு பொருளைச் செய்யும் திறமை முதலிலேயே இருந்து, அதனால் அது அங்கே மலிவாகி, மலிவானதால் மக்கள் வாங்கிக் குவித்திருக்கலாமே? அப்படியானால் உள்நாட்டு விற்பனையும் ஏற்றுமதியும் ஒரே வேரில் முளைத்த இரண்டு கிளைகள். ஒன்று மற்றொன்றைப் பெற்றெடுக்கவில்லை. இந்தச் சிக்கலை அவிழ்க்க நான்கு பொருளியல் ஆய்வாளர்கள் மருந்துத் துறையை எடுத்துக்கொண்டார்கள். 2019இல் வெளியான அந்த ஆய்வின் உத்தி எளிமையானது. மருந்து மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காக யாரும் முதியவர் ஆவதில்லை. முதியவர் எத்தனை, இளைஞர் எத்தனை, ஆண் பெண் விகிதம் என்ன என்ற கணக்கை வைத்தே ஒரு நாட்டில் எந்த நோய் எவ்வளவு இருக்கும் என்று ஓரளவு கணிக்கலாம். ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளின் மருந்து விற்பனைக் கணக்கோடு இதை ஒப்பிட்டார்கள். தன் மக்களின் வயதாலும் ஆண் பெண் விகிதத்தாலும் எந்த நோய் அதிகம் இருக்குமோ, அந்த நோய்க்கான மருந்தைத்தான் ஒரு நாடு வெளிநாடுகளில் அதிகம் விற்கிறது என்று தெரிந்தது. தேவை முன்னே போகிறது, ஏற்றுமதி பின்னே வருகிறது.

மோட்டார் சைக்கிளிலும் ஏறக்குறைய இப்படித்தான் நடந்தது. இந்தியக் குடும்பம் இருசக்கர வாகனத்துக்கு வந்தது அது மலிவாகச் செய்யப்பட்டதால் அல்ல. கார் எட்டாக்கனி, பேருந்து நேரத்துக்கு வராது, தெரு குறுகல், வேலை தொலைவில். இந்த நெருக்கடிதான் வாங்குபவரை உருவாக்கியது. 1980களின் நடுவில் ஹோண்டா, சுசுகி, யமஹா, கவாசாகி என்ற நான்கு ஜப்பானிய நிறுவனங்களும் இந்தியக் கூட்டாளிகளோடு அடுத்தடுத்து வந்திறங்கியபோது, அவர்கள் முன்னால் வைக்கப்பட்ட முதல் கேள்வி "மைலேஜ் எவ்வளவு கொடுக்கும்?" என்பதுதான். வேகம், அழகு, ஓசை எல்லாம் அதற்குப் பிறகு. டூ ஸ்ட்ரோக் எஞ்சின் எடை குறைவு, சீறிப் பாயும். ஆனால் பெட்ரோல் குடிக்கும். 1985இல் வந்த ஹீரோ ஹோண்டா சி.டி.100 ஃபோர் ஸ்ட்ரோக் வண்டி. இழுவை குறைவானாலும் லிட்டருக்கு அதிகத் தூரம் போனது. மாதச் சம்பளக்காரரின் கணக்கு அந்த வண்டிக்கு வாக்களித்தது. 2001இல் ஹீரோ ஹோண்டா எண்ணிக்கையில் உலகின் மிகப்பெரிய இருசக்கர வாகன நிறுவனம் ஆனது. மைலேஜோடு வேறு கோரிக்கைகளும் ஒட்டிக்கொண்டு வந்தன. மூன்று பேரும் ஒரு மூட்டையும் ஏறினால் ஷாக் அப்சார்பர் தாங்க வேண்டும். பேட்டரி இறங்கினால் உதைத்து ஸ்டார்ட் செய்ய முடிய வேண்டும். மண் சாலையில் விழுந்து எழுந்தால் உள்ளூர் மெக்கானிக் தட்டி நிமிர்த்தக்கூடியதாக இருக்க வேண்டும். மலிவு விலையில் இத்தனையையும் கேட்கும் கோடிக்கணக்கான வாடிக்கையாளர்கள் இருபது ஆண்டுகள் தொடர்ந்து நச்சரித்ததன் பலன்தான் இந்திய கம்யூட்டர் பைக். கூடவே செயின், பிரேக் ஷூ, பிஸ்டன் ரிங், வயரிங் என்று ஒவ்வொன்றுக்கும் ஓசூரிலும் கோயம்புத்தூரிலும் அம்பத்தூரிலும் புனேவைச் சுற்றியும் ஓடிக்கொண்டே இருக்கும் பட்டறைகள் வளர்ந்தன. கம்பாலாவின் போடா போடா ஓட்டுநரும் பெட்ரோலை எண்ணி ஊற்றுபவர், மோசமான சாலையில் பாரம் ஏற்றுபவர், வண்டி நின்றால் அன்றைய வருமானம் போய்விடும் நிலையில் இருப்பவர். அவர் கேட்பதற்கு முன்பே அவருடைய கேள்விகளுக்கெல்லாம் விழுப்புரத்துக்காரரும் கான்பூர்க்காரரும் பதில் வாங்கி வைத்திருந்தார்கள்.

உள்நாட்டில் ஆள் இருந்தாலே போதும் என்று இதிலிருந்து முடிவுகட்டினால் தவறு. அம்பாசிடர் காருக்கு இந்தியாவில் பல பத்தாண்டுகள் தேவை இருந்தது. போட்டியாளர் இல்லாததால் அது மாறவே இல்லை, வெளிநாட்டில் விலைபோகவும் இல்லை. பஜாஜ் சேத்தக் ஸ்கூட்டருக்குப் பணம் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்த காலமும் இருந்தது. வரிசையில் நிற்கும் வாடிக்கையாளரின் குறை ஆலைக்குள் போய்ச் சேராது, ஏனென்றால் அவருக்குப் போக வேறு கடை இல்லை. உரிமத் தடைகள் தளர்ந்து, ஒரே தெருவில் நான்கு ஷோரூம்கள் வந்த பிறகுதான் அவருடைய கேள்விக்கு மதிப்பு வந்தது. இன்னொரு நிபந்தனையை ஹீரோ நிறுவனத்தின் கதை காட்டுகிறது. உள்நாட்டில் அதுதான் முதலிடம். ஏற்றுமதியில் முதலிடம் பஜாஜுக்கு. ஹோண்டாவோடு இருந்த ஒப்பந்தம் ஹீரோ எந்தெந்த நாடுகளில் விற்கலாம் என்பதைக் கட்டுப்படுத்தியது. 2010 டிசம்பரில் பிரிவை அறிவித்த பிறகுதான் அந்தக் கதவு திறந்தது. அதற்குள் பஜாஜ் ஆப்பிரிக்காவிலும் லத்தீன் அமெரிக்காவிலும் காலூன்றிவிட்டது. ஆக, உள்நாட்டுத் தேவை திறமையைக் கொடுக்கும். அந்தத் திறமையை வெளியே கொண்டுபோகும் உரிமையும் முனைப்பும் தனியாக வர வேண்டும்.

இதற்கு நேர்மாறாக ஒரு வாதம் பொதுப்புத்தியில் வலுவாக இருக்கிறது. வீட்டில் அதிகம் சாப்பிட்டால் சந்தைக்கு என்ன மிஞ்சும்? வெங்காய விலை ஏறும்போதெல்லாம் அரசு ஏற்றுமதியைத் தடுக்கிறது, சர்க்கரையிலும் அப்படித்தான். உள்நாட்டுத் தேவை ஏற்றுமதிக்குப் பகை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா என்று கேட்கலாம். வெங்காயத்துக்கு அந்தக் கணக்கு சரி. இந்தப் பருவத்தில் விளைந்தது இவ்வளவுதான், யாரோ தின்றால் யாருக்கோ இல்லை. ஆலையில் செய்யும் பொருளுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே வாங்குபவர் கூடினால் இன்னொரு உற்பத்தி லைன் போடுவார்கள், டையின் செலவு இன்னும் அதிக டேங்குகள் மீது பரவும், உதிரிப்பாகப் பட்டறைக்காரர் புது இயந்திரம் வாங்கத் துணிவார், அடக்கவிலை இறங்கும். வெங்காயத்தின் தர்க்கத்தை மோட்டார் சைக்கிளுக்குப் போட்டுப் பார்ப்பதால்தான், 'உள்நாட்டு நுகர்வை ஊக்குவிப்பதா, ஏற்றுமதியை ஊக்குவிப்பதா' என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியது போல நம் விவாதங்கள் போகின்றன.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஆட்டோவிலிருந்து வருகிறது. 2018-19இல் இந்தியா உள்நாட்டில் விற்ற மூன்று சக்கர வாகனங்கள் ஏறத்தாழ 7 லட்சம். ஏற்றுமதி ஏறத்தாழ 5.7 லட்சம். கொரோனாவுக்குப் பின் 2021-22இல் உள்நாட்டு விற்பனை ஏறத்தாழ 2.6 லட்சமாகச் சுருங்கியது. ஏற்றுமதியோ 5 லட்சம். உள்ளூரில் ஆள் இல்லாத ஆண்டில் உள்ளே விற்றதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு வெளியே விற்றிருக்கிறது. ஸ்பெயினிலும் இதே போன்ற ஒன்று நடந்தது. 2008 நெருக்கடியில் உள்நாட்டில் வாங்குவோர் குறைந்தபோது, கார் உட்பட அந்நாட்டுப் பொருள்களின் ஏற்றுமதி வேகமெடுத்தது. ஆலையில் தேங்கிக் கிடந்த திறனை வெளியே தள்ளினார்கள் என்று ஆய்வாளர்கள் விளக்கினார்கள். உள்நாட்டுத் தேவை குறைந்தாலும் ஏற்றுமதி தாக்குப்பிடிக்கும், கூடவும் செய்யும் என்றுதானே இவை சொல்கின்றன? ஓர் ஆண்டு, ஈராண்டுக் கணக்கில் ஆம். ஆனால் 2021-22இல் வெளியே போன அந்த ஐந்து லட்சம் ஆட்டோக்களைச் செய்த லைன்களும் டைகளும் அந்த ஆண்டில் முளைத்தவையல்ல. அரை நூற்றாண்டுக்கும் மேலாக இந்தியத் தெருக்களில் சவாரி ஏற்றிய வண்டிகளின் வருமானத்தில் வளர்ந்தவை. நன்றாக மழை பெய்த ஆண்டுகளில் நிரம்பிய ஏரியிலிருந்து ஒரு வறண்ட ஆண்டில் பாய்ச்சுவது போன்றது அது. வெளிச்சந்தையை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதையும் இதே ஆட்டோதான் காட்டியது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட முச்சக்கர வண்டிகள் பதிவாகியிருக்கும் இலங்கை, அந்நியச் செலாவணி நெருக்கடியில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியது. மீண்டும் திறக்க 2025 ஆகிவிட்டது. எகிப்து 2021 நவம்பரில் ஆட்டோவின் முக்கிய பாகங்களை இறக்குமதி செய்வதைத் தடைசெய்தது. நைஜீரியாவின் நைரா 2023இல் சரிந்ததும் மோட்டார் சைக்கிள் ஏற்றுமதி அடிவாங்கியது. ஆலைகளைத் தாங்கிப் பிடித்தது மற்ற நாடுகளும் உள்ளூர் வாடிக்கையாளரும்தான்.

வங்கதேசத்தின் ஆயத்த ஆடைகளையும் ஸ்ரீபெரும்புதூரின் ஐபோனையும் காட்டி, உள்நாட்டுத் தேவையே இல்லாமலும் ஏற்றுமதி பெருகும் என்று சொல்பவர்கள் உண்டு. வங்கதேச ஏற்றுமதி வருமானத்தில் 80 சதவீதத்துக்கும் மேல் ஆடைகள் தருபவை. ஐரோப்பிய அலமாரிகளுக்குப் போகும் அந்தச் சட்டைகளை டாக்காவில் யாரும் கேட்டதால் அந்தத் தொழில் தொடங்கவில்லை. 2024-25இல் இந்தியாவின் ஸ்மார்ட்போன் ஏற்றுமதி ஏறத்தாழ 2,400 கோடி டாலர். அதில் பெரும்பங்கு ஐபோன், நம்மில் மிகச் சிலரே வாங்கக்கூடிய பொருள். இந்த வேலைகளைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. லட்சக்கணக்கான பெண்களின் கையில் முதல் சம்பளத்தைக் கொடுத்தவை அவை. ஆனால் அங்கே நடப்பதைக் கூர்ந்து பார்த்தால் லிண்டரின் விதி மீறப்படவில்லை, இடம்தான் மாறியிருக்கிறது. சட்டையின் வெட்டு எப்படி இருக்க வேண்டும், போனின் விளிம்பு எத்தனை மெலிதாக வேண்டும் என்ற கேள்விகளை ஐரோப்பிய, அமெரிக்க வாடிக்கையாளர்கள் கேட்கிறார்கள். பதிலை அவர்கள் ஊர் நிறுவனங்கள் யோசிக்கின்றன. தைப்பதும் பூட்டுவதும் மட்டும் இங்கே. அதனால்தான் விலையில் பெரும்பகுதி அங்கேயே தங்கிவிடுகிறது, கூலி ஏறினால் ஆர்டர் வேறு நாட்டுக்குப் பறக்கிறது. நம் வாகனத் துறையிலேயே இதற்கு இரண்டு பாடங்கள் உண்டு. ஜெனரல் மோட்டார்ஸ் 2017 முடிவில் இந்தியாவில் கார் விற்பதை நிறுத்திவிட்டு, புனே அருகே தலேகாவ் ஆலையை ஏற்றுமதிக்காக மட்டும் ஓட்டியது. 2020 டிசம்பரில் அந்த உற்பத்தியும் நின்றது. மறைமலைநகரில் கார் செய்த ஃபோர்டு, கடைசி ஆண்டுகளில் இந்தியாவில் விற்றதைவிட அதிகமாக ஏற்றுமதி செய்தது. அங்கே செய்த எகோஸ்போர்ட் அமெரிக்கா வரை போனது. இருந்தும் பத்தாண்டுகளில் 200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் என்று கூறி, 2021 செப்டம்பரில் மூடுவதாக அறிவித்தது. இந்த முடிவுகளுக்குப் பின்னால் வேறு காரணங்களும் இருந்தன. ஆனால் இருங்காட்டுக்கோட்டையில் இந்தியருக்கான சிறிய காரில் தொடங்கி, 2010க்குள் பத்து லட்சம் கார்களை ஏற்றுமதி செய்து முடித்த ஹூண்டாயோடு ஒப்பிட்டால், உள்ளூரில் வேர் பிடித்ததற்கும் பிடிக்காததற்கும் உள்ள வித்தியாசம் தெரியும். பிறகு சிறிய கார்களின் அளவையும் உள்ளூர்ச் சூழல்தான் தீர்மானித்தது. 2006 பட்ஜெட்டில் நான்கு மீட்டருக்கு உட்பட்ட சிறிய எஞ்சின் கார்களுக்குக் கலால் வரி 24இலிருந்து 16 சதவீதமாகக் குறைந்தபோது, இந்தியச் சிறு காருக்கு ஓர் எல்லைக்கோடு விழுந்தது.

இந்த வாதத்தை ஏற்றுக்கொண்டால் கொள்கையைப் பார்க்கும் பார்வையும் மாற வேண்டியிருக்கிறது. ஏற்றுமதிக்காகக் கூலியை அடக்கி வைக்க வேண்டும் என்பது பல பத்தாண்டுகளாக ஓதப்படும் மந்திரம். கூலியை அடக்கினால் ஒரு வண்டியின் அடக்கவிலையில் சில நூறு ரூபாய் மிச்சமாகலாம். ஆனால் அந்தக் கூலியை வாங்குபவர்தான் 100 சி.சி. பைக்கின் வாடிக்கையாளர். அவர் வாங்காமல் போனால் இழப்பது விற்பனையை மட்டுமல்ல. அடுத்த பத்தாண்டுக்கான ஏற்றுமதிப் பொருளுக்கு உரைகல்லாக இருக்கும் ஆளையே இழக்கிறோம். இந்திய இருசக்கர வாகன விற்பனை 2018-19இல் 2 கோடியே 11 லட்சத்தைத் தாண்டியது. அதன் பிறகு 2024-25 வரை அந்த உச்சத்தை மீண்டும் தொடவில்லை. அதிகம் தேங்கியது விலை குறைந்த பைக்குகளின் விற்பனை, அதாவது கிராமத்தாரும் முதல் வண்டி வாங்குபவரும் கைவைக்கும் இடம். 2025 செப்டம்பரில் 350 சி.சி. வரையிலான வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. 28இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்ததைப் பத்திரிகைகள் தீபாவளிச் சலுகையாகத்தான் எழுதின. ஓசூர் ஆலையின் ஆப்பிரிக்க ஆர்டர்களுக்கும் அதில் பங்கு உண்டு என்பது பெரிதாகப் பேசப்படவில்லை.

அடுத்த சோதனை மின்சார வண்டியில் நடந்துகொண்டிருக்கிறது. ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரம் இன்று இந்திய மின்சார ஸ்கூட்டரின் தலைநகரம் என்றே சொல்லலாம், டி.வி.எஸ்., ஏதர், ஓலா மூன்றும் அங்கேதான். கேள்வியும் உருமாறி வந்திருக்கிறது: "ஒரு சார்ஜுக்கு எத்தனை கிலோமீட்டர்?" ஆனால் இந்தக் கேள்வியைக் கேட்பவர் பழைய ஆள் அல்ல. மின்சார ஸ்கூட்டரை வாங்குவோரில் பெரும்பகுதி, வீட்டில் பிளக் பாயிண்ட் வைத்து இரவில் சார்ஜ் ஏற்றிக்கொள்ளக்கூடிய நகரத்துக் குடும்பத்தார். அவர்களுக்கு டச் ஸ்கிரீனும் சீட்டுக்கு அடியில் இடமும் வேண்டும். மூட்டை ஏற்றி நாள் முழுக்க ஓடும் மின்சார மோட்டார் சைக்கிளுக்கு இந்தியாவில் விற்பனை மிகக் குறைவு. ருவாண்டாவின் கிகாலி நகரில் 2025 ஜனவரி முதல், வாடகை மோட்டார் சைக்கிளைப் புதிதாகப் பதிவு செய்ய வேண்டுமானால் அது மின்சார வண்டியாகத்தான் இருக்க வேண்டும். நைரோபியிலும் கம்பாலாவிலும் பேட்டரியைக் கழற்றி மாட்டிக்கொள்ளும் நிலையங்கள் வந்துவிட்டன. அந்த ஓட்டுநர்களுக்குத் தேவை கேரியரும் நீளமான சீட்டும், இரண்டு நிமிடத்தில் மாற்றக்கூடிய பேட்டரியும், செங்குத்தான ஏற்றத்தில் மூன்று பேரை இழுக்கும் மோட்டாரும். பெட்ரோல் காலத்தில் அவர்களுக்காக முன்கூட்டியே நச்சரித்து வைத்த விழுப்புரத்துக்காரர், மின்சாரத்தில் இன்னும் கடைக்குள் நுழையவில்லை. அவருக்கு எட்டும் விலையில், அவர் வயல் வரப்பிலும் பால் கேனோடும் ஓட்டிப் பார்த்துக் குறை சொல்லக்கூடிய ஒரு மின்சார பைக் ஓசூரிலிருந்து எப்போது வருகிறது என்பதைப் பொறுத்தே, கிகாலியில் பத்தாண்டுகள் கழித்து எந்த நாட்டு வண்டி ஓடும் என்பது முடிவாகும்.